புகை சொன்னதும் திரை சொல்வதும்

எஞ்சினில் கோளாறு என்று கூப்பிட்டால், அந்தக் கால மெக்கானிக் ஸ்பேனர் பையைத் திறப்பதற்கு முன் சைலன்சரைத்தான் பார்ப்பார். கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லையென்றால் நாசில் ஒழுகும். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங் தேய்ந்திருக்கும், வால்வு கைடு போயிருக்கும், டர்போ வைத்த எஞ்சின் என்றால் அதன் சீல் விட்டிருக்கும். வெண்புகை இரண்டு விதம். டீசல் எரியாமல் வெளியேறினாலும் வெள்ளையாக வரும், ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கினாலும் வெள்ளையாக வரும். கண்ணை எரித்து டீசல் வாடை அடித்தால் முதலாவது என்று, பக்கத்தில் போய் நின்றே பிரித்துவிடுவார்கள்.

இன்று ஏரி தூர்வாரும் வேலைக்கு வந்து இறங்கும் புது ஜேசிபியின் சைலன்சரில் பார்க்க எதுவும் இல்லை. சக்கரத்தில் ஓடும் கட்டுமான இயந்திரங்களுக்கு 2021 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4, 2025 ஜனவரியில் ஸ்டேஜ் 5 என்று மாசு வரம்பு இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. ஐந்தாம் கட்டத்தில் புகைத்துகளின் எடைக்கு மட்டுமல்ல, எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்துவிட்டார்கள். அதனால் சைலன்சர் இருந்த இடத்தில் டிபிஎஃப் என்ற வடிகட்டி வந்து உட்கார்ந்தது. நாசில் ஒழுகினால் இப்போதும் கரி உண்டாகத்தான் செய்கிறது. வெளியே வராமல் வடிகட்டியின் சுவரிலேயே படிகிறது, அவ்வளவுதான். படிந்த கரியை அவ்வப்போது சூடேற்றி எரித்துக்கொள்ள எஞ்சினுக்கே தெரியும். ரீஜென் என்கிறார்கள். அதே ஆபரேட்டர், அதே மண், அதே வேலை. ஆனால் வண்டி முன்பைவிட அடிக்கடி ரீஜென் கேட்கிறது என்றால், அதுதான் இன்றைய கரும்புகை. அதைப் பார்க்க வானத்தை அண்ணாந்து பயனில்லை, திரையில் கரியின் அளவையும் இரண்டு ரீஜெனுக்கு நடுவில் ஓடிய மணியையும் பார்க்க வேண்டும்.

டிப்ஸ்டிக்கின் கதையும் இப்படித்தான் புரண்டிருக்கிறது. காலையில் வண்டி எடுக்குமுன் ஆயில் பார்ப்பது ஆபரேட்டரின் முதல் வேலை. மட்டம் இறங்கினால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது, ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மட்டம் இறங்காமல் இருந்தால் நிம்மதி. ரீஜெனுக்காக சிலிண்டருக்குள்ளேயே கூடுதல் டீசல் பாய்ச்சும் எஞ்சின்களில் அந்த நிம்மதி ஆபத்தானது. எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயில் சம்பில் சேரும். ரீஜென் நடந்துகொண்டிருக்கும்போதே பாதியில் வண்டியை அணைத்து அணைத்து ஓட்டினால் இது கூடிக்கொண்டே போகும். மட்டம் ஏறும், ஆயில் நீர்த்துப்போகும், பேரிங் பிடிக்கும். குறைந்தால் மட்டுமே நோய் என்று பழகிய கண்ணுக்கு, ஏறினாலும் நோய் என்று இப்போது சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த வேலை வளர்ந்த வரலாறு பெயர்களிலேயே பதிந்திருக்கிறது. எல் அண்ட் டி நிறுவனம் பிரான்சின் பொக்லைன் கம்பெனியோடு சேர்ந்து தயாரித்த எக்ஸ்கவேட்டர் வந்த பிறகு, மண் தோண்டும் எதுவும் நம் செய்தித்தாள்களுக்குப் பொக்லைன்தான். 1979இல் ஹரியானாவின் பல்லப்கரில் எஸ்கார்ட்ஸோடு கூட்டாகத் தொடங்கிய ஜேசிபியின் முன்வாளி பின்வாளி வண்டி, பிறகு ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் போய்ச் சேர்ந்தது. வண்டியின் பெயர் எதுவானாலும் எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த டீசல் பம்பு பெரும்பாலும் இரண்டு வீட்டுப் பிள்ளை. ஒன்று, 1951இல் தொடங்கி 2008இல் பாஷ் என்று பெயர் மாறிய பெங்களூர் மைகோ. மற்றது, சென்னை லூகாஸ் டிவிஎஸ்ஸின் ரோட்டரி பம்பு. இந்த இரண்டையும் கழற்றி மாட்டி, பெஞ்சில் ஏற்றி கேலிபரேஷன் செய்யத் தெரிந்த பம்ப் ரூம்கள் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரியையும் ரிக் வண்டியையும் நம்பியே பிழைத்தன. மண் வண்டியும் அதே வாசலில்தான் வந்து நின்றது.

அந்தப் பம்புகளின் காலத்தில் நாசில் திறக்கும் அழுத்தம் ஏறத்தாழ 200 பார். கையால் அடிக்கும் டெஸ்டரில் நாசிலை மாட்டி ஒரு தட்டுத் தட்டினால் டீசல் மூடுபனியாகப் பீறிடுகிறதா, தாரையாக ஒழுகுகிறதா என்று கண்ணுக்கே தெரியும். நல்ல நாசில் தெறிக்கும்போது ஒரு கரகரப்பு கேட்கும். அந்தச் சத்தம் இல்லையென்றால் மாற்றிவிடுவார்கள். சிலிண்டர் மிஸ்ஸிங் என்றால் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். நட்டைத் தளர்த்தியதும் எஞ்சின் ஓசை தடுமாறினால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது. தளர்த்தியும் ஓசை மாறவில்லையா, சோம்பேறி அதுதான். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை பிளாக்கில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டி, டேப்பட் சத்தமா பேரிங் சத்தமா என்று பிரிப்பார்கள். டேப்பட் இடைவெளிக்கு ஃபீலர் கேஜ், பத்து தௌ, பன்னெண்டு தௌ என்பார்கள். பம்பின் டைமிங் பார்க்க, வளைந்த சின்னக் குழாயை மாட்டி ஃபிளைவீலை மெதுவாகத் திருப்பி, டீசல் சொட்டுவது நிற்கும் அந்தக் கணத்தில் நிறுத்தி அடையாளக் கோட்டைப் பார்ப்பார்கள். ஸ்பில் டைமிங் எனப்பட்ட இந்த வேலையில் நான் பார்த்த பெரிய மெக்கானிக்குகளின் பொறுமையை வேறெந்தத் தொழிலிலும் கண்டதில்லை. விரலால் தொட்டு உணரும்படி எல்லாமே எஞ்சினின் மேற்பரப்பிலேயே இருந்த காலம் அது.

அந்த வித்தைகளில் ஒன்றை இன்று செய்தால் கையே போகும். 1995இல் ஜப்பானில் டென்சோ ஒரு ஹினோ லாரிக்காகவும், 1997இல் ஐரோப்பாவில் பாஷ் காருக்காகவும் கொண்டுவந்த காமன் ரெயில் முறை, நம்முடைய மண் வண்டிகளுக்குப் பெருமளவில் வந்தது நான்காம் கட்ட வரம்போடுதான். இதில் ரெயிலுக்குள் நிற்கும் அழுத்தம் 1,600 பார், சில எஞ்சின்களில் 2,000க்கும் மேல். எஞ்சின் ஓடும்போது நட்டைத் தளர்த்தினால் வெளிவரும் கண்ணுக்குத் தெரியாத தாரை தோலைத் துளைத்துச் சதைக்குள் டீசலைப் பாய்ச்சிவிடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் குறைவாக இருக்கும். உள்ளே விரல் அழுகத் தொடங்கியிருக்கும். அது உடனடி அறுவை சிகிச்சைக்குரிய காயம். கசிவைத் தேடுகிறேன் என்று பைப்பின் மேல் விரலை ஓட்டுவதும் இதே கதைதான், அட்டைத் துண்டைக் காட்டித்தான் பார்க்க வேண்டும். பழைய வண்டியில் இருபது வருடம் பழகிய கை, யோசிக்காமலேயே பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நட்டைத் தேடிப்போகும். புதிய எஞ்சினைப் பற்றி ஒரு ஆபரேட்டருக்கோ மெக்கானிக்குக்கோ ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லித்தர நேரம் இருந்தால், இதைத்தான் சொல்ல வேண்டும். சிலிண்டரை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கும் அந்தச் சோதனை அழிந்துவிடவில்லை. லேப்டாப்பில் கட் அவுட் டெஸ்ட் என்று இருக்கிறது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு இன்ஜெக்டராக நிறுத்தும், நாம் காது கொடுக்கலாம்.

அடுத்து அழுக்கு. இதைப் பற்றி நீளமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் கோளாறு என்று வரும் புதிய வண்டிகளில் பலவற்றின் நோய் எஞ்சினில் இல்லை, டீசல் கேனில் இருக்கிறது. குவாரிக்கு டீசல் எப்படி வரும்? பங்க்கில் கேனிலோ பேரலிலோ பிடித்து, டிராக்டரிலோ பைக்கிலோ ஏற்றி, வெயிலில் வைத்து, புனலில் வேட்டித் துணியை மடித்துப் போட்டு டேங்க்கில் ஊற்றுவார்கள். துணி இலையைத் தடுக்கும், மணலைத் தடுக்கும். பழைய பம்புக்கு அது போதும். காமன் ரெயில் இன்ஜெக்டருக்குள் ஒன்றையொன்று உரசி நகரும் பாகங்களின் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரான். துணி விட்டுவைக்கும் தூசு அந்த இடைவெளியில் உப்புத்தாளாக வேலை செய்யும். இரவில் பாதி காலியான பேரலின் உள்சுவரில் ஈரம் வியர்த்து இறங்கும் தண்ணீர் துருவை உண்டாக்கும். இதைத் தடுக்கத்தான் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று, மைக்ரான் ஃபில்டர் ஒன்று என்று இரண்டு கட்டமாக வைக்கிறார்கள். அதிலும் ஒரு பழைய பழக்கம் புகுந்து கெடுக்கும். ஃபில்டர் மாற்றும்போது சீக்கிரம் ஸ்டார்ட் ஆக வேண்டும் என்று புது ஃபில்டரில் டீசலை நிரப்பி மாட்டுவார்கள். நடுத்துளை வழியாக ஊற்றினால் அந்த டீசல் வடிகட்டப்படாமலேயே நேராக பம்புக்குப் போகும். காலி ஃபில்டரை மாட்டி, கைப்பம்பை அடித்து நிரப்ப வேண்டும். நான்கைந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

பழைய காலத்தைப் புகழ்ந்துகொண்டே போகவும் எனக்கு மனமில்லை. கைத்திறமை எவ்வளவு இருந்ததோ அவ்வளவு அடாவடியும் இருந்தது. பிக்கப் வேண்டும் என்று பம்பின் சீலை உடைத்து டீசல் அளவு ஸ்க்ரூவைத் திருகிவிடுவார்கள். வண்டி இழுக்கும், புகை தள்ளும், பிஸ்டன் உருகும். ஏர் ஃபில்டரை டயரில் அடித்துத் தூசு தட்டி, கிழிந்த தாளோடு மறுபடி மாட்டுவார்கள். ரேடியேட்டரில் போர் தண்ணீர். அந்த உப்புத் தண்ணீர் உள்ளே பாறையாகப் படியும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத கேடு ஒன்று உண்டு. பிஸ்டன் அடிக்கும் அதிர்வில் வெட் லைனரின் வெளிப்புறம் நடுங்கும்போது தண்ணீரில் நுண்குமிழிகள் தோன்றி உடைந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு குமிழியும் இரும்பில் ஒரு துளி பறித்துக்கொண்டு போகும். கடைசியில் லைனர் சல்லடையாகி, தண்ணீர் ஆயிலுக்குள் வரும். தரமான கூலன்ட் இதைத் தடுக்கும். இத்தனை மணிக்கு ஒரு எஞ்சின் வேலை என்று கணக்கு வைத்திருந்த காலம் அது. போரிங், கிராங்க் கிரைண்டிங், பத்து சைஸ், இருபது சைஸ் பேரிங் என்று லேத் பட்டறைகள் நிறைந்திருந்தன. அந்த வேலைகளில் ஒரு பகுதி நல்ல ஆயிலும் சுத்தமான காற்றும் இருந்திருந்தால் தேவைப்பட்டிருக்காது.

இப்போது திரைக்கு வருவோம். ஆபரேட்டர் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்.

“அண்ணே, வண்டி லோடு எடுக்க மாட்டேங்குது. மஞ்ச லைட்டு எரியுது.”

“நம்பர் என்ன தம்பி காட்டுது?”

“நூத்தி அம்பத்தேழு, பதினெட்டு.”

பல கம்பெனிகளின் கனரக எஞ்சின்கள் பொதுவாகப் பேசும் ஜே1939 மொழியில் 157 என்பது ரெயில் அழுத்தம், 18 என்பது அது இருக்க வேண்டிய அளவைவிடக் குறைவு. நம்பர் சொல்வது அவ்வளவுதான். எதனால் குறைவு என்று அது சொல்லாது. இந்த இடத்தில்தான் சிலர் இன்ஜெக்டரை மாற்று, பம்பை மாற்று என்று பெரிய பில்லைப் போட்டுவிடுகிறார்கள். தெரிந்தவர் வேறு வழியில் போவார். ஃபில்டர் மாற்றி எத்தனை மணியாகிறது? தண்ணீர் பிரிப்பானின் அடியில் தண்ணீர் நிற்கிறதா? டேங்க் மூடியின் காற்றுத் துளை சேறு பூசி அடைந்திருந்தால் டேங்க்கே டீசலை விடாது. மூடியைத் திறந்துவிட்டு ஓட்டிப் பார்ப்பார். சக்ஷன் பைப்பில் நடுவே ஒரு கண்ணாடிக் குழாயை இணைத்துக் குமிழி ஓடுகிறதா என்று பார்ப்பார். பழைய வண்டியில் ஏர் லாக் தேடிய அதே பாதை. இவை எல்லாம் சரியென்றால்தான் இன்ஜெக்டர். ஒவ்வொன்றின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனிப் பாட்டிலில் விட்டுச் சிறிது நேரம் ஓட்டுவார். எந்தப் பாட்டில் மற்றதைவிட வேகமாக நிரம்புகிறதோ அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்து டீசலைத் திருப்பி அனுப்புகிறது. கடைசியில்தான் பம்பு. விலை குறைந்த சந்தேகத்திலிருந்து விலை உயர்ந்த சந்தேகத்துக்குப் போகும் இந்த வரிசையை எந்தத் திரையும் தானாகக் கற்றுக்கொடுப்பதில்லை. பழைய மெக்கானிக்குகள் புதிய எஞ்சினுக்கு உதவமாட்டார்கள் என்று சொல்பவர்களோடு நான் உடன்படாததற்குக் காரணம் இந்த வரிசைதான். அது அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

அவர்கள் கையில் இல்லாதது மின்சாரம். முன்பு ஸ்டார்ட்டர், டைனமோ, இரண்டு பல்பு, அதற்குத் தனியே ஒரு எலக்ட்ரீஷியன். இன்று எஞ்சினின் பாதி ஒயரில்தான் ஓடுகிறது. பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட் சப்ளையைப் பகிர்ந்துகொள்ளும். அதில் ஒன்று ஷார்ட் ஆனால் அந்த சப்ளையில் இருக்கும் மற்றவையும் விழும், திரையில் நான்கைந்து நம்பர்கள் வரிசையாக வரும். நான்கு சென்சாரையும் வாங்கிப் போட்டவர்கள் உண்டு. ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிக்கொண்டே வந்தால், குற்றவாளி கழன்றதும் மற்றவை எழுந்துவிடும். தகவல் போகும் இரண்டு ஒயருக்கு நடுவில், பேட்டரியைத் துண்டித்துவிட்டு மல்டிமீட்டரை வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை எங்கோ அறுந்திருக்கிறது, பெரும்பாலும் எலி கடித்த இடத்தில். பேட்டரி பலவீனமாக இருந்தால் செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் சரிந்து கம்ப்யூட்டர் விழித்து விழித்து அணைந்து, சம்பந்தமில்லாத நம்பர்களையெல்லாம் எழுதி வைக்கும். பக்கெட் பல் உடைந்தது என்று வண்டியில் வைத்தே வெல்டிங் அடிப்பது நம் ஊரில் அன்றாடம் நடப்பது. எர்த் கிளாம்பை எங்கோ தூரத்தில் மாட்டிவிட்டு, பேட்டரியையும் கம்ப்யூட்டர் பிளக்கையும் கழற்றாமல் அடித்தால், அந்தக் கரண்ட் எந்த வழியாகத் திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எஞ்சின் கம்ப்யூட்டர் ஒன்றின் விலையில் அந்தப் பக்கெட்டுக்கு எத்தனை முறை பல் வாங்கலாம் என்று உரிமையாளர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

யூரியா கரைசல் பற்றியும் ஒரு வார்த்தை. சில எஞ்சின்களில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க 32.5 சதவீதம் யூரியா கலந்த டிஇஎஃப் தனி டேங்க்கில் ஊற்ற வேண்டும். தீர்ந்தாலோ தரம் குறைந்தாலோ எஞ்சின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். மிச்சம் பிடிக்கத் தண்ணீர் கலப்பவர்கள் அந்த வண்டியை மறுநாளே வேலையில்லாமல் நிறுத்துகிறார்கள்.

வண்டிக்கும் உரிமையாளருக்கும் இடையிலான தூரமும் போய்விட்டது. திருச்சியில் உட்கார்ந்துகொண்டு தர்மபுரியில் ஓடும் வண்டியின் மணி, டீசல் மட்டம், சும்மா நின்று ஓடிய நேரம், வந்த எரர் நம்பர் எல்லாவற்றையும் போனில் பார்க்கலாம். ஜேசிபியில் லைவ்லிங்க், கொமாட்சுவில் கொம்ட்ராக்ஸ் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒன்று. டீசல் திருட்டு குறைந்ததில் உரிமையாளர்களுக்குச் சந்தோஷம். இதில் சத்தமில்லாமல் ஒன்று இழக்கப்படுகிறது. ஏற்றத்தில் மட்டும் இழுக்கவில்லை, காலையில் சரியாக இருக்கிறது, மதிய வெயிலில்தான் திணறுகிறது என்று ஆபரேட்டர் சொல்லும் அந்த நாலு வாக்கியத்தை யாரும் கேட்பதில்லை. சூடானால் மட்டும் வரும் கோளாறு என்பது எந்தச் சென்சாரும் எழுதி வைக்காத தகவல். அது கிடைத்தால் தேடல் பாதியாகக் குறையும்.

இனி இந்தத் தொழிலுக்குள் வரும் பையன்களின் கதை. முன்பு ஹெல்பராகச் சேர்ந்தவன் முதல் வருடம் பாகம் கழுவுவான், அடுத்த வருடம் நட்டுக் கழற்றுவான், பெரியவர் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைக்கும்போது தானும் வைத்துப் பார்ப்பான். எஞ்சின் எல்லோருக்கும் திறந்திருந்தது. இப்போது புது இன்ஜெக்டர் மாட்டினால் அதன்மேல் பொறித்திருக்கும் எண்ணை கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்ற கம்பெனியின் மென்பொருள் வேண்டும். அது பெரும்பாலும் டீலரின் லேப்டாப்பில் மட்டும் இருக்கிறது. டீலரின் ஆள் வரும்வரை வண்டி நிற்கும், வாடகை போகும், பக்கத்து ஊர் மெக்கானிக் வேடிக்கை பார்ப்பார். அமெரிக்காவில் விவசாயிகள் இதே காரணத்துக்காகப் போராடி, 2023இல் கொலராடோ மாநிலத்தில் விவசாய இயந்திரங்களுக்குப் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்தைப் பெற்றார்கள். நம் ஒன்றிய நுகர்வோர் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, அதே ஆண்டு ஒரு இணையதளத்தையும் தொடங்கியது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம், வாகனம் என்று நான்கு துறைகளை அதில் எடுத்துக்கொண்டார்கள். மண் அள்ளும் வண்டிக்கும் அதில் பெயர் சொல்லி இடம் வேண்டும். பாதுகாப்பு, மாசு வரம்பு தொடர்பான அமைப்புகளைக் கண்டவர்கள் மாற்றக்கூடாது என்று கம்பெனிகள் சொல்வதில் நியாயம் உண்டு. பம்பின் சீலை உடைத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். கோளாறைப் படிக்கவும், மாட்டிய பாகத்தைப் பதிவு செய்யவும் அனுமதிப்பது அந்த வரம்புகளைத் தொடுவதில்லை.

ஐடிஐகளில் டீசல் மெக்கானிக் படிப்பு இருக்கிறது. அங்கே வெட்டி வைத்த பழைய எஞ்சினோடு, ஓடுகிற ஒரு காமன் ரெயில் எஞ்சினும், நம்பர் படிக்கும் ஒரு கருவியும், ஒரு மல்டிமீட்டரும் ஒவ்வொரு வகுப்புக்கும் வேண்டும். ஒயரிங் படமும் எரர் நம்பர் பட்டியலும் ஆங்கிலத்தில் டீலர் அலமாரியில் கிடப்பது போதாது. தமிழில் அச்சடித்து, சாவியோடு சேர்த்து வண்டியிலேயே கொடுக்க வேண்டும். 157 என்று வந்தால் முதலில் தண்ணீர் பிரிப்பானைத் திறந்து பார் என்று அதில் ஒரு வரி இருந்தால் போதும், லேப்டாப் கிளம்பி வருவதற்குள் பல வண்டிகள் வேலைக்குத் திரும்பியிருக்கும்.